திரும்புகிற வள்ளம் எத்தனை மணிக்கு?

யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்கு முதன்முறை போனபோது, மாவிலித்துறையில் இறங்கியதுமே குதிரைகள் எங்கே நிற்கும் என்றுதான் விசாரித்தேன். கூட இறங்கிய ஆச்சி ஒருவர் சொன்னார்: "குதிரை எங்கையும் போகாது மோனை. வள்ளம்தான் போயிடும். திரும்பிற நேரத்தை முதல்ல கேள்." நான் கேட்கவில்லை. பின்னேரம் கொளுத்தும் வெயிலில் துறைக்கு ஓடிவந்து, கடைசி ஆளாக ஏறினேன்.

இப்போது யாழ்ப்பாணத்தில் காலை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன், யன்னல்கரையில். பண்ணைப் பாலம் தாண்டியதும் இருபுறமும் கடல். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலத்தில் மறுபடியும் அதே காட்சி. இந்தப் பயணத்துக்காகவே ஒரு நாள் போகலாம்.

பஸ் போய்ச்சேரும் குறிகட்டுவான் துறையில் இரண்டு படகு வழிகள் பிரியும். நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நயினாதீவு நாகபூசணி அம்மனையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள், இரண்டுமே அரைகுறையாகிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும், வெறும் வயிற்றோடு ஏறவேண்டாம். கீழ்த்தட்டில் புழுக்கமும் டீசல் வாடையும் தலையைச் சுற்றவைக்கும். காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து இருங்கள்.

நெடுந்தீவுக்குள் சுற்ற ஓட்டோ கிடைக்கும். கூலியை ஏறுமுன் பேசிவிடுங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். அங்குள்ள பெருக்குமரத்தின் (பாவோபாப்) பொந்துக்குள் ஆட்கள் நிற்கலாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. கிட்டப் போய்த் துரத்தாதீர்கள், வறட்சியில் தண்ணீருக்கே அலையும் சீவன்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தவை கல்வேலிகள். முருகைக்கற்களைச் சாந்து, சீமெந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடுக்குகளுக்குள்ளால் காற்றுப் போகும், வெளிச்சமும் வரும். தீவிலுள்ள பழைய கோட்டையைப் பார்க்கிற அவசரத்தில் இவற்றைத் தாண்டிப் போகாமல், ஓட்டோவை நிறுத்தி ஒரு வேலியோரம் நடந்து பாருங்கள். கல்லைப் பிடுங்கிப் பார்க்கவேண்டாம்.

திரும்பும் படகுக்கு அரைமணி முன்னரே துறைக்கு வந்துவிடுவேன். 1985 மே 15 அன்று நடுக்கடலில் குமுதினி என்ற பயணிகள் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களும் இதே கடலைக் கடந்து போய்வந்த சனங்கள்தான். அந்த அரைமணி நேரம் கமராவை உள்ளே வைத்துவிட்டு, அவர்களை நினைத்துக்கொண்டு துறையில் இருப்பேன்.