அஹ்மத் கவாம்: மாஸ்கோவுக்குக் கொடுத்த வாக்கு



அஹ்மத் கவாம் ஈரானின் பிரதமராக ஐந்து முறை இருந்தவர். ஈரானை அன்று ஆண்ட கஜார் அரசவையோடு நெருங்கிய பெருங்குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே அரண்மனைச் செயலரானார். இவருடைய கையெழுத்து பேர்பெற்றது. 1906 ஆகஸ்டில் முஸாஃபருத்தீன் ஷா நாட்டுக்கு நாடாளுமன்றம் வழங்கிய ஆணையை எழுதிய கை இவருடையதுதான். மஜ்லிஸ் என்ற அந்த அவை, நாற்பது ஆண்டு கழித்து இவருக்கே கேடயமாயிற்று.

1921இல் கொராசான் ஆளுநராக இருந்த இவரை, தெஹ்ரானில் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் சிறையில் அடைத்தார்கள். சில வாரங்களில் அந்த ஆட்சி கவிழ, சிறையிலிருந்து நேரே பிரதமர் பதவிக்கு வந்தார். 1923இல், பின்னாளில் ஷாவான ரெசா கானோடு மோதி நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்தபின் லாஹிஜானில் தேயிலை பயிரிட்டு ஒதுங்கியிருந்தார். 1942இல் மறுபடி பிரதமர். அந்த ஆண்டு டிசம்பரில் ரொட்டிப் பஞ்சத்தால் தெஹ்ரானில் கலவரம் மூண்டது, பதவியும் நெடுநாள் நிலைக்கவில்லை.

இவர் பெயர் வரலாற்றில் நிற்பது 1946ஆல். இரண்டாம் உலகப் போருக்காக ஈரானுக்குள் வந்த நேச நாட்டுப் படைகள் அந்த ஆண்டு மார்ச் 2க்குள் வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தம். பிரிட்டனும் அமெரிக்காவும் கிளம்பின. சோவியத் படை நகரவில்லை. அதன் நிழலில் ஈரானின் அஜர்பைஜான் பகுதியில் உள்ள தப்ரீஸில் பிஷெவரி என்பவரின் தன்னாட்சி அரசும், மஹாபாதில் குர்து குடியரசும் எழுந்தன. அங்கே புறப்பட்ட ஈரானியப் படையைச் சோவியத் வீரர்கள் கஸ்வின் அருகிலேயே மறித்துவிட்டார்கள். மாஸ்கோவின் கண் வட ஈரானின் எண்ணெய்மீது.

ஜனவரியில் பிரதமரான கவாம், பிப்ரவரியில் மாஸ்கோ சென்று ஸ்டாலினையும் வெளியுறவு அமைச்சர் மொலடோவையும் சந்தித்தார். கெடு நாள் கடந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். ஊர் திரும்பியபின் ஏப்ரல் 4 அன்று சோவியத் தூதர் சட்சிகோவோடு உடன்பாடு கண்டார்: படை வெளியேறும், அஜர்பைஜான் ஈரானின் உள்விவகாரம், வடக்கே கூட்டு எண்ணெய் நிறுவனம் அமையும், முதல் 25 ஆண்டுக்கு அதில் 51 விழுக்காடு சோவியத்துக்கு.

கவாமின் நுட்பம் முழுவதும் ஒரு நிபந்தனையில் இருந்தது. எண்ணெய் உடன்பாட்டுக்கு மஜ்லிஸின் ஒப்புதல் வேண்டும். பழைய மஜ்லிஸின் காலமோ மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அந்நியப் படை நாட்டில் இருக்கும்வரை புதிய தேர்தல் நடத்தக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆக, எண்ணெய் வேண்டுமானால் படை போக வேண்டும். படை போனபின் எண்ணெயைத் தருவதா வேண்டாமா என்பது மஜ்லிஸின் கையில். மே மாதம் படை போயிற்று. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈரானின் புகாரும் அமெரிக்காவின் அழுத்தமும் இதில் எவ்வளவு வேலை செய்தன என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் மாஸ்கோ முகம் இழக்காமல் விலக ஒரு வழி வேண்டியிருந்தது. அதைத் திறந்து கொடுத்தவர் கவாம்.

ஆகஸ்டில் பொதுவுடைமை சார்ந்த தூதே கட்சியினர் மூவரை அமைச்சராக்கினார், அக்டோபரில் விலக்கினார். டிசம்பரில், தேர்தலுக்குப் பாதுகாப்பு என்ற பெயரில் படையை வடக்கே அனுப்பினார். தப்ரீஸ் அரசும் மஹாபாத் அரசும் வீழ்ந்தன. அதைத் தொடர்ந்து தூக்கும் பழிவாங்கலும் வந்தன. அந்த வெற்றியின் கணக்கில் இவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். 1947 அக்டோபர் 22 அன்று மஜ்லிஸ் 102க்கு 2 என்ற வாக்கில் எண்ணெய் உடன்பாட்டைத் தள்ளியது. தெற்கே பிரிட்டிஷ் நிறுவனத்திடம் உள்ள எண்ணெயிலும் நாட்டின் உரிமையை மீட்க வேண்டும் என்று அதே சட்டம் அரசைப் பணித்தது. இரண்டு மாதத்தில் கவாம் பதவி இழந்தார்.

தெற்கு எண்ணெய் 1951இல் மொசாதெக்கின் முன்முயற்சியில் நாட்டுடைமையானது; அதே ஆண்டு அவர் பிரதமரானார். 1952 ஜூலையில் மொசாதெக் பதவி விலக, அன்றைய ஷா முதிய கவாமை அழைத்தார். எதிர்ப்பவர்களைக் கடுமையாக அடக்கப்போவதாக அவர் வானொலியில் அறிவித்ததும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூலை 21 அன்று துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். சில நாளே நீடித்த அந்தப் பதவியை அன்றே துறந்தார், மொசாதெக் திரும்பினார். கவாம் 1955இல் காலமானார்.