டார்கெட்டும் உன் குரலும்

அன்புள்ள வித்யா,

இங்கே டெல்லியில் லட்சுமி நகர் ஆபீஸ் ஒன்றில் இன்சூரன்ஸ் விற்கும் டெலிகாலராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை, முடிவு உன்னுடையது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெட்ரோவில் தனியாக வருகிறாயாமே, அதைக்கூட இப்போது பேசவில்லை. என்னை உறுத்துவது டார்கெட்.

யாரும் பொய் சொல்வதற்கென்று இந்த வேலையில் சேர்வதில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, இன்சென்டிவைப் பெரிதாகக் காட்டி, ஒரு கால் முடிந்த கையோடு அடுத்ததை டயலர் காதில் போடும்படி வைத்துவிட்டால் போதும், பொய் தானாக வரும். மாசக் கடைசியில் ரெண்டு பாலிசி குறைந்தால், 'வருஷா வருஷம் கட்டணும்' என்பதை வாய் விழுங்கிவிடும். போனில் விற்ற பாலிசியை 30 நாளுக்குள் திருப்பித் தர வாங்கினவருக்கு உரிமை உண்டு. அந்த 30 நாளும் அவரை ஏதாவது சொல்லிச் சமாளிப்பதும் உன் தலையில்தான் விழும். அதற்கு அடுத்த படிதான், 'ஐஆர்டிஏஐ-லேர்ந்து பேசறோம், உங்க பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கு' என்பது. தான் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை என்று அந்த இன்சூரன்ஸ் ஆணையம் எத்தனையோ தடவை எச்சரித்தாயிற்று. டெல்லியிலும் நொய்டாவிலும் போலி கால்சென்டர்களில் போலீஸ் பிடித்தவர்களில் சம்பளத்துக்குப் பேசிய பிள்ளைகளும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில், ஏமாற்றிப் பணம் வாங்கினால் 7 வருஷம் வரை சிறை. பதிவாகிற குரல் முதலாளியுடையது இல்லை. உன் அத்தை தலையில் கட்டின அந்த யூலிப் பாலிசி சமாசாரத்தை மறுபடி கிளறவில்லை. ஆனால் அதை விற்றதும் இனிமையாகப் பேசின ஒரு பெண்தான்.

'எந்த விற்பனையில் பிரஷர் இல்லை? பேசக் கற்கிறேன், இந்தி சரளமாகிறது' என்பாய். வாஸ்தவம். கரோல் பாக் புடவைக் கடைக்காரரும் லேசில் விடமாட்டார். ஆனால் அங்கே வருகிறவள் தானாகப் படியேறி வருகிறாள், துணியைத் தொட்டுப் பார்க்கிறாள், சாயம் போனால் மறுநாள் சண்டைக்கு வருகிறாள். உன்னிடம் வாங்கினவர் சண்டைக்கு எங்கே வருவார்? 'எங்கள் கம்பெனி பதிவு செய்தது' என்றால், நீயே சோதித்துப் பார். விளம்பர அழைப்பு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து போக வேண்டும் என்பது விதி. யாரோ பெயரில் வாங்கின சாதாரண சிம்மைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னால், அங்கேயே தெரிந்துவிடும். அப்படிப் பேசுகிற பதிவில்லாத ஆட்களின் இணைப்புகளை எல்லாம் துண்டித்து, 2 வருஷம் வரை கருப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் உத்தரவிட்டது. உன் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேச விடுகிறார்களா? நியமனக் கடிதம், பி.எஃப். உண்டா? ஒரு கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் மறுநாள் போகாதே.

போவதானாலும், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சைக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வை. சிரிக்காதே, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு சர்க்கார் வேலைக்கு வந்துதான் இந்த ஊரில் எத்தனையோ தமிழர்கள் காலூன்றினார்கள்.

ரொம்ப நீட்டிவிட்டேன். நீ கெட்டிக்காரி, நம் வீட்டில் உன் அளவுக்குத் தைரியம் யாருக்கும் இல்லை, எதுவானாலும் பெரியப்பா உன் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் வந்துவிடு, பெரியம்மா வத்தக்குழம்பு வைக்கிறாள். நியமனக் கடிதத்தையும் கையோடு எடுத்து வா.

அன்புடன்,
பெரியப்பா