பொதுப்பணத்தில் நடைபெறும் மருத்துவ ஆராய்ச்சி: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மருத்துவர் ஒரு மருந்தை எழுதித் தரும்போது, அதை எந்த அளவில், நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை மாதம் உட்கொள்ள வேண்டும் என்பதையும் குறிப்பிடுகிறார். அந்த அளவும் காலமும் ஒருவருடைய தனிப்பட்ட கருத்தினால் அமைந்தவை அல்ல. ஏராளமான நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, கணக்கிட்டு, ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளின் வழியே அவை உறுதி செய்யப்பட்டன. அத்தகைய ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு ஆகும். அச்செலவை யார் ஏற்கிறார்கள், அரசு ஏன் ஏற்க வேண்டும், அதில் நமக்கு என்ன பங்கு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

விற்பதற்கு ஏதுமில்லாத கேள்விகள்

மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது: மருந்து நிறுவனங்கள், அறக்கட்டளைகள், அரசு. புதிய மருந்துகள் பலவற்றை நிறுவனங்களே பெரும் முதலீடு செய்து உருவாக்கியுள்ளன. ஆயினும், போட்ட முதல் விற்பனையின் மூலம் திரும்பக் கிடைக்கும் இடத்தில்தான் ஒரு நிறுவனம் முதலிட இயலும். அது வணிகத்தின் இயல்பு.

நோயாளிகளுக்கு மிகவும் தேவைப்படும் சில கேள்விகளோ விற்பனையோடு தொடர்பற்றவை. மருத்துவமனையில் தங்காமல் வீட்டிலிருந்தே குணமடைய முடியுமா? பன்னிரண்டு மாதச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்கலாமா? விலை குறைந்த பழைய மருந்தே போதுமா? நல்ல உணவு நோயைத் தடுக்குமா? இவற்றிற்கு விடை கிடைத்தால் மக்களுக்குச் செலவு குறையும். ஆனால் எவருக்கும் பெரும் இலாபம் வராது. இத்தகைய கேள்விகளுக்குப் பெரும்பாலும் பொதுப்பணமே விடை தேட வேண்டியிருக்கிறது. இதற்குச் சிறந்த சான்று நம் சென்னையிலேயே உள்ளது.

1956: சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர், ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. அதற்காக ஊருக்கு வெளியே சானடோரியங்கள் அமைக்கப்பட்டன. நோயாளி மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், குடும்பத்தைப் பிரிந்து அங்கே தங்க வேண்டும். 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநயசிட்டும் சிகிச்சைக்கு வந்தன. ஆனால் மருந்து வந்த பின்னரும் சானடோரியத்தில் படுக்கை கிடைத்தால்தான் முறையான சிகிச்சை என்னும் எண்ணம் நீடித்தது. இந்தியாவில் நோயாளிகள் பல இலட்சம் பேர்; படுக்கைகளோ மிகக் குறைவு.

இந்நிலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அதன் முதல் இயக்குநராக டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார். இம்மையம் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், நெருக்கடியான சிறு வீட்டில் வாழும் ஏழை நோயாளியும் சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவாரா?

நகரின் ஏழ்மையான பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டிலிருப்பது, யார் சானடோரியத்திற்குச் செல்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில் அது முடிவு செய்யப்பட்டது. நோய் குறைந்தவர்கள் ஒரு பக்கமும் முற்றியவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிட்டால் ஒப்பீடு பொய்த்துவிடும் என்பதே அதற்குக் காரணம். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தோரிடம் பணியாளர்கள் சென்று பார்த்தனர். மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை மூலமும் கவனித்தனர்.

1959-இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டின் இறுதியில், சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியப் பிரிவில் 92 பேர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் முழு ஓய்வும் செவிலியர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டிலிருந்தோருக்கு அவை மிகக் குறைவு. அப்படியிருந்தும் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கவனித்தபோதும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர்.

குடும்பத்தார் பெரிதும் அஞ்சிய மற்றொன்றும் ஆராயப்பட்டது. நோயாளி வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்கும் மற்றவர்க்கும் நோய் தொற்றாதா? வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பங்களில், சானடோரியம் சென்றவர்களின் குடும்பங்களைவிட நோய் மிகுதியாகப் பரவவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்கிறது. பயன்தரும் மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது.

இம்முடிவுகளால் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. படுக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றானது. மருந்தை ஒருவர் முன்னிலையில் உட்கொள்ளச் செய்யும் முறைக்கும் இம்மையத்தின் பிற்கால ஆய்வுகள் வழிகாட்டின. அம்மையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

2023: உணவைப் பற்றிய ஆய்வு

சென்னை ஆய்வு உணவைத் தேவையற்றது என்று கூறவில்லை. முறையாக மருந்து உட்கொள்பவர், வீட்டு உணவோடும் குணமடைய முடியும் என்றே அது காட்டியது. நோயாளியின் வீட்டிலுள்ளோரை நல்ல உணவு காக்குமா என்பது வேறு கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. 2,800 நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தினர் 10,345 பேரும் இதில் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரைகள் அளிக்கப்பட்டன.

2023-இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் காப்புரிமை கிடையாது. ஆகவே இவ்வாய்வைப் பொதுப்பணம் இன்றி நடத்துவது எளிதாக இருந்திராது. காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக அரசு வழங்கும் மாத உதவித்தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதியுள்ளோர் அதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பொதுமக்களின் ஆதரவு ஏன் தேவை?

ஆராய்ச்சியின் பயன் உடனே தெரிவதில்லை. புதிய கட்டடம் ஓராண்டில் கண்ணுக்குத் தெரியும். ஐந்தாண்டு நோயாளிகளைப் பின்தொடரும் ஆய்வோ அது முடியும்வரை வெறும் செலவாகவே தோன்றும். சில ஆய்வுகள் எதிர்பார்த்த பயனைத் தராமலும் போகும். ஒரு சிகிச்சை பயனற்றது என்று அறிவதும் நோயாளிகளை வீண் செலவிலிருந்து காக்கும் என்றாலும், அது செய்தியாவதில்லை. எனவே நிதிநெருக்கடி வரும்போது, கேட்பார் இல்லாவிடில், ஆராய்ச்சி நிதியைக் குறைப்பது எளிதாகிவிடுகிறது.

மத்திய அரசில் சுகாதார ஆராய்ச்சிக்கெனத் தனித் துறை உள்ளது. அதற்கான ஒதுக்கீடு ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் வெளியிடப்படுகிறது. நம் வரிப்பணத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு எவ்வளவு செல்கிறது, எந்த நோய்களுக்குச் செல்கிறது, முடிவுகள் வெளியிடப்படுகின்றனவா என்று மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரு நோயின் துன்பத்தை நேரில் அறிந்த நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்து கேட்கும்போது அக்கேள்விக்கு வலிமை கூடும். ஆதரவு என்பதில் கணக்குக் கேட்பதும் அடங்கும்.

ஆய்வில் சேர உங்களை அழைத்தால்

பணம் மட்டும் ஆராய்ச்சியை நடத்திவிடாது. அன்று அந்த 193 பேர் ஒப்புக்கொண்டிராவிட்டால், அவ்வளவு செலவும் பயனின்றிப் போயிருக்கும். உங்களிடமோ உங்கள் குடும்பத்தாரிடமோ ஓர் ஆய்வில் பங்கேற்க அழைப்பு வந்தால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டறியுங்கள்.

1. ஆய்வின் கேள்வி என்ன? இதற்கு யார் பணம் தருகிறார்கள்?
2. எனக்குக் கிடைக்கக்கூடிய நன்மை என்ன, தீங்கு என்ன? சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை தரப்படும்?
3. நெறிமுறைக் குழு இதற்கு ஒப்புதல் அளித்துள்ளதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இது பதிவாகியுள்ளதா? அப்பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.
4. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டிற்கும் என்ன ஏற்பாடு?
5. முடிவு எங்களுக்குத் தெரிவிக்கப்படுமா?

தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையொப்பமிடும் முன் வீட்டாருடன் கலந்து பேசக் கால அவகாசம் கேட்கலாம். கையொப்பமிட்ட பின் ஒப்புதல் படிவத்தின் படி ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் விலகிக்கொள்ளலாம். மறுப்பதாலோ விலகுவதாலோ உங்களுக்கு உரிய வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. ஆய்வில் சேர்வதற்காக, இப்போது உட்கொண்டுவரும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

சேர்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். சேர்பவருக்குத் தனிப்பட்ட நன்மை உறுதியில்லை என்பதையும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். எனினும், இன்று காசநோயாளி ஒருவர் தம் வீட்டில், தம் பிள்ளைகளின் நடுவே இருந்து மருந்து உண்டு குணமடைவதற்கு, முன்பின் அறியாத சிலர் அன்று அளித்த ஒப்புதலும் மக்கள் செலுத்திய வரியுமே துணை நின்றன என்பதை அம்முடிவின்போது நினைவில் கொள்ளலாம்.