மாணவர் பணியும் சரியைத் தொண்டும்

மாணவர் கல்லூரியின் ஏவலால் ஊர்தோறுஞ் சென்று செய்யும் பணி, தொண்டு என்னும் பெயர்க்கு உரியதாமோ ஆகாதோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். நம்முள் ஒருசாரார், சான்றிதழும் மதிப்பெண்ணுங் கருதிச் செய்வன தொண்டாதல் யாங்ஙனம், அவை கூலிவேலையினும் இழிந்தன என்று கடிந்துரைப்பர். மற்றொருசாரார், கருத்து யாதாயினும் ஆகுக, தூர்ந்த கண்மாய் தூரெடுக்கப்பட்டதன்றோ என்பர். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்தாமை பின்னர்ப் புலனாம்.

இவ்வாராய்ச்சிக்குத் திண்டுக்கற் சீமை மிகவும் ஏற்றதோர் இடம். நகர்க்குத் தெற்கே, சிறுமலையடிவாரத்துச் சமவெளியில், சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமம் 1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்திரம் அம்மையாராலும் அவர்தங் கணவர் கோ. இராமச்சந்திரனாராலும் தோற்றுவிக்கப்பெற்றது. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியே அதற்கு வித்து. கைத்தொழிலோடும் ஊர் வாழ்வோடும் பிணைந்தே கல்வி நிகழ்தல்வேண்டும் என்பது அதன் உட்கிடை. 1956-இல் ஆங்குக் கிராமியக் கல்விநிலையம் எழுந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் சிற்றூரிற் சென்று தங்கி ஊராரோடு பழகுதலும், சாந்தி சேனைப் பயிற்சியும் ஆங்குப் பாடத்தின் கூறாக வைக்கப்பெற்றன. நாடளாவிய நாட்டு நலப்பணித் திட்டமோ அடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிற்று. ஈராண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழுநாட் சிறப்பு முகாமும் அதன் அளவு.

இனி, இளைஞரை இப்பணிக்கு உய்ப்பது யாது? மேனாட்டு உளநூலாராகிய கிளாரி, சினைடர் முதலியோர் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காரணங்களை ஆறாக வகுத்தனர். பிறர்பால் இரக்கம், புதியன அறியும் வேட்கை, நண்பர் குழாத்தோடு ஒழுகல், தொழில் வாய்ப்பு, தன் மனத்துயரை மறத்தல், தன்மதிப்பு ஓங்கல் என்பன அவை. ஒருவனிடத்தே இவற்றுட் பல ஒருங்கு கலந்திருத்தலும் உண்டு. மனமொன்றி ஆராயின், ஆறனுள் ஐந்து தன்னையே சுற்றி நிற்றல் காணலாம். இதனை இளைஞர் குற்றமென்று தள்ளுதல் முறையன்று. ஆணவமலம் மறைத்து நிற்கும் உயிர் வேறெவ்வாறு தொடங்கும்?

ஈண்டுத் திருமறைக்காட்டு எலியின் வரலாறு நினைக்கற்பாலது. அது திருவிளக்கின் நெய்யுண்ணப் புகுந்தது. சுடர் மூக்கிற் சுட, வெருவித் திரியைத் தூண்டிற்று. அவியப்புகுந்த விளக்கு நின்றெரிந்தது. இறைவன் அதனை மறுபிறப்பில் மாவலியாக்கி உலகாள வைத்தனன். அப்பரடிகளும் தம் தேவாரத்தில் இதனை எடுத்தோதினார். அறியாது செய்த இதனை அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்ப. கருத்து நெய்மேலதாயினும் செயல் விளக்கின்கண் நிகழ்ந்தமையின் பயன் விளைந்தது. மதிப்பெண்ணாகிய நெய்யை நாடி மண்வெட்டி எடுத்த மாணவனை இகழ்வார் இவ்வெலியை ஒருகால் எண்ணுக.

அற்றேல், கருத்தை ஆராய வேண்டா, ஏவினாற் போதும் எனின், அதுவும் பொருந்தாது. எலிக்குப் பகுத்தறிவு இல்லை, மாணவனுக்கு உண்டு. அறிவுடையானை அறியாதான்போல நடத்துதல் அவனைக் கீழ்ப்படுத்துவதாம். மேற்கூறிய ஆராய்ச்சியாளரே 1999-இல் மற்றொன்றுங் கண்டனர். பணியில் முன்னரே விருப்பமற்றாரைக் கட்டாயப்படுத்தின், பின்னாளில் தாமே முன்வந்து செய்யும் எண்ணம் அவர்க்குக் குறைகின்றது. தெரிவுரிமை தந்தவழி அவ்வாறு குறைவதில்லை. திலகவதியார் திருவதிகையில் அலகிட்டு மெழுகித் தம் தொண்டைத் தாம் செய்திருந்தார். தம்பியாரைச் சூலைநோயே அங்குக் கொணர்ந்தது. அவர் உழவாரம் ஏந்தியது ஒருவர் ஏவியன்று.

சரியையின் இலக்கணங் கூறும் சிவஞான சித்தியார், அலகிடல், மெழுகல், மலர் கொய்தல், விளக்கிடல் என்பவற்றோடு நில்லாது, அடியாரைக் கண்டுழி யான் செய்யத்தக்க பணி யாது என்று வினவி, அவர் பணித்ததைச் செய்தலையும் சேர்த்துரைக்கின்றது. இவ்வினவுதலே என் கருத்தில் எல்லாவற்றினுந் தலையாயது. இக்காலத்து முகாம்கள் பல இஃது இன்மையாற் பழுதுறுகின்றன. ஊரார் வேண்டுவது வரத்துக்கால் திருத்தம். மாணவர் செய்வது பள்ளிச்சுவர்க்கு வண்ணம் பூசுதல். குடிநீர்க்கு அலையும் ஊரில் மரக்கன்று நட்டு, ஏழாம் நாள் நீங்கின், எட்டாம் நாள் அதற்கு நீர் வார்ப்பார் யார்? ஊர்ப் பெண்டிரை முதனாளே கேட்டிருப்பின் இவ்விடர் இல்லை.

அடியார்க்கு ஓதியதை ஊரார்க்கு ஏற்றுதல் எங்ஙனம் என்னும் தடை நிகழுமன்றோ? இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் உயிரும் ஒன்று. அடியார்பால் அவன் விளங்கித் தோன்றுவன். ஏனை உயிர்களிடத்து மறைந்து நிற்பன். விளக்கத்தில் வேறுபாடன்றி, இருப்பில் வேறுபாடில்லை. ஆகலின் ஏற்றுதல் தகும்.

பணியாற் பெறும் பயன் மாணவன்பால் யாது என்பது எஞ்சியது. ஐலர், கைல்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1999-இல் எழுதிய நூலில், செய்த பணியைப் பாடத்தோடு இயைத்து மீளச் சிந்திக்குமிடத்தே கற்றல் ஆழப்படுகின்றது என்று காட்டினர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நம் வரிசையிற் சிந்தித்தலை ஒழித்துத் தெளிதற்குச் செல்ல வழியில்லை என்பது நாம் நெடிதறிந்ததே. சிந்தனையற்ற பணி மற்றொரு கேட்டையும் விளைக்கும். "யான் கொடுத்தேன்" என்னும் செருக்கு வளர்ந்து, நீக்கவந்த மலத்தையே தடிப்பிக்கும். பெறுவான் எளியன், தருவான் பெரியன் என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றும். அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தர்க்கும் குளத்துக்கும் சோலைக்கும் தம் பெயரிட்டிலர். தாம் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரையே இட்டனர். இன்று ஒரு வாய்க்காலிற் செடி களைந்தவுடன் கல்லூரிப் பெயர் பொறித்த துணிப்பதாகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதே முதற்பணியாக முடிகின்றது. தண்டியடிகள் கண்ணிலாராய், இருபுறமும் கோல் நட்டுக் கயிறு கட்டித் தடவிச் சென்று திருவாரூர்க் குளத்து மண்ணைச் சுமந்தார். காண்பார் உளரோ என்று நோக்க அவர்க்கு ஒருப்பாடுமில்லை.

ஆசிரியர் செய்யக்கூடியன சில. பணியை முழுதுங் கட்டாயமாக்காது, பலவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையேனும் தரலாம். முகாமின் முதனாளை மண்வெட்டிக்கு அன்றி வினவுதற்கு ஒதுக்கலாம். மாலைதோறும் ஒருமணி நேரம், இன்று யாரிடம் யாது கற்றேன் என்று எழுதச் செய்யலாம். யாது செய்தேன் என்று எழுதச் சொல்லின் பட்டியலே கிடைக்கும். முகாம் முடிந்த ஆறாந் திங்களில் அவ்வூர்க்கு ஒருமுறை மீளச் சென்று, வரத்துக்கால் ஓடுகின்றதா, சீமைக்கருவேலம் மீண்டும் முளைத்ததா என்று ஊராரையே கேட்டு வருதலும் நன்று. அச்செலவுக்கு மதிப்பெண் இல்லை என்று முன்னரே சொல்லிவிடுக. வருவார் எத்துணையர் என்பதை அன்று எண்ணிக்கொள்ளலாம்.