சுரங்க நீரின் கணக்கு

காரைக்காலைச் சார்ந்த கடற்கரையூராகிய கருக்களாச்சேரியில் சுரங்கம் ஏதுமில்லை. ஆயினும், சுரங்க நீரைப்பற்றி அறிய விழையும் நமக்கு, அத்தகைய கடற்கரை மணலில் தோண்டும் கிணறே முதற்பாடமாகும். மணலுள் தங்கும் நன்னீர், உப்புநீரினும் இலேசானதாகையால், அதன்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்குமேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு. மேலே ஓரடி குறையுமாறு இறைப்போமாயின், நாளடைவில் உப்புநீர் நாற்பதடி ஏறிவரும். ஆதலின், ஊறுவது எவ்வளவு, அதன் தன்மை யாது, செலவாவது எவ்வளவு என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்கவேண்டும். சுரங்கத்திற்கும் இம்மூன்றே கணக்கு.

முதலாவது, ஊற்றின் அளவு. வடிகாலின் குறுக்கே, முக்கோணமாக வெட்டிய பலகையொன்றை நிறுத்தி, வெட்டின் அடிமுனைக்குமேல் நீர் எழும் உயரத்தை அளப்பர். உயரம் இருமடங்கானால், பாயும் நீர் ஐந்தரை மடங்கிற்கும் சற்று மிகும். ஆகவே, விரலளவு ஏற்றமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. மழைக்குப்பின் மிகுந்து தணிவது மேல்நிலத்து நீராதல் கூடும். மழையின்றி மிகுமாயின், காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, நீரின் தன்மை. கந்தகமும் இரும்பும் கலந்த கல்லில் காற்றும் நீரும் படுமிடத்துக் கந்தகத் திராவகம் உண்டாகின்றது. அந்நீர் இறைக்கும் குழாய்களை அரிக்கும். ஆற்றில் விடின், மீனுக்கும் பயிருக்கும் கேடாம். நீரின் புளிப்பும் உப்பும் திடீரென மாறுவது, அது வரும் வழி மாறியதற்கு அறிகுறியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, செலவு. துளையிடவும் தூசியை அடக்கவும் உள்ளே விடும் நீரை ஊற்றோடு கூட்டவேண்டும். வெளியே இறைப்பது, காற்றோடு ஆவியாய்ப் போவது, கனிப்பொருளோடு ஈரமாய்ப் போவது ஆகியவற்றை அதனின்று கழிக்கவேண்டும். எஞ்சியது, உள்ளே தேங்கிய நீரின் ஏற்றத்தோடு ஒத்துவராவிடின், நாம் அறியாத வழியொன்று உண்டென்பது தெளிவு.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் அவசியம். ஓடும் நீரை மட்டும் அளந்து திருப்தியடைதல் தகாது. 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தன்பாத்திற்கு அருகிலுள்ள சஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய வேலையிடத்தில் தேங்கிக்கிடந்த நீர் உடைத்துப் புகுந்தமையால் 375 பேர் மாண்டனர். அசையாது நிற்கும் நீர் எந்தப் பலகையிலும் ஏறாது. பழைய வேலையிடங்களின் சரியான படமும், முன்னே செல்லுமுன் பாறையைத் துளைத்துப் பார்க்கும் வழக்கமுமே அதனைக் காட்டவல்லன.

சுரங்கத்தை மூடுவதோடும் இக்கணக்கு முடிவதில்லை. தமிழர் பல்லாயிரவர் உழைத்த கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு வேலை நின்றபின், ஆழ்ந்த நிலைகளை நீர் நிரப்பிற்று. அங்ஙனம் நிரம்பும் நீரின் மட்டத்தை எழுதிவையாவிடின், பின்வருவோர்க்கு அதுவே மறைந்த அபாயமாகும்.

மாணவர்களே, சுரங்கத்தைக் காணும் வாய்ப்பு நம்மிற் சிலர்க்கே கிட்டும். நம் வீட்டுக் கிணறோ அண்மையில் உள்ளது. முடிச்சிட்ட கயிற்றால் வாரம் ஒருமுறை அதன் மட்டத்தை அளந்து, சுவையையும் இறைத்த குடங்களையும் குறித்து வருவோமாக. ஓராண்டுக் குறிப்பு கையிலிருப்பின், கிணறு கெடுமுன்னரே நாம் அறிந்துகொள்வோம்.