தொலைவிலிருந்து ஒரு கட்டளை



சென்னையில் அமர்ந்துகொண்டு நியூயார்க்கில் உள்ள கணிப்பொறியை வேலை வாங்க முடியுமா? முடியும். ஆனால் அவ்வேலையை விரைவாக முடிப்பது எப்படி? விரைவை நாடும்போது வரும் ஆபத்து யாது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் லட்சக்கணக்கான கணக்குகளை ஒரே இடத்தில் வைத்துச் செயலாற்றப் பயன்படுத்தும் பெரிய கணிப்பொறி மெயின்பிரேம் எனப்படும். ஒருவர் தம் மேசை மேல் வைத்துக்கொள்ளும், சற்று ஆற்றல் மிகுந்த கணிப்பொறி ஒர்க்ஸ்டேஷன் ஆகும். சிறியது கட்டளையிட, பெரியது வேலை செய்து விடையை அனுப்புகிறது.

முதல் முயற்சி

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் ஹனோவர் நகரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு டெலிபிரிண்டரை மட்டுமே வைத்திருந்தார். அவர் அமைத்த கணக்கிடும் பொறியோ நியூயார்க்கில் இருந்தது. கலப்பெண் கணக்குகளை டெலிபிரிண்டரில் தட்டினார்கள். கம்பி வழியே நியூயார்க் சென்ற கணக்கு, விடையாகத் திரும்பி வந்து தாளில் அச்சானது. தொலைவிலிருந்து கணக்கிடும் பொறியை இயக்கிக் காட்டிய முதல் நிகழ்ச்சி இதுவே.

பின்னர் வந்த பெருங்கணிப்பொறிகளில் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1961இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர், ஒரே பொறியின் நேரத்தைப் பலருக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பகிர்ந்தளிக்கும் முறையைச் செய்து காட்டினர். 1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் அம்முறையை மாணவர்கள் அனைவருக்கும் எட்டச் செய்தனர்.

கேள்வி கேட்காத காவலர்

இந்த இடத்தில் நம் பள்ளியின் ஆண்டு விழா நாளை நினைத்துப் பாருங்கள். மலர், நாற்காலி, ஒலிபெருக்கி என ஒவ்வொன்றாகக் கொண்டுவர நாம் வெளியே போய் வருகிறோம். வாயிற்காவலர் ஒவ்வொரு முறையும் பெயர், வகுப்பு, காரணம் ஆகியவற்றைக் கேட்டால் வேலை தாமதமாகும். "நீலப் பாவாடை அணிந்தவர் எல்லோரும் போகலாம்" என்று அவர் விட்டுவிட்டால் வேலை விரைவாகும். ஆனால் நீலப் பாவாடை அணிந்த எவரும் உள்ளே வந்துவிடலாம் அல்லவா?

கணிப்பொறி உலகிலும் இதுதான் நடந்தது. தொலைவில் உள்ள பொறிக்குக் கட்டளை இட, ஒவ்வொரு முறையும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. 1983இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் அமைப்பில், ரிமோட் ஷெல் என்னும் வசதி இடம்பெற்றது. நம்பத்தக்க கணிப்பொறிகளின் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டால் போதும். அவற்றிலிருந்து வரும் கட்டளைகளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. ஒரே வரியில் கட்டளை போகும், விடை வரும்.

வேகம் கிடைத்தது, ஆபத்தும் உடன் வந்தது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதிய நிரல் ஒன்று வலையமைப்பில் பரவியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று இந்த நம்பிக்கைப் பட்டியல். ஒரு பொறியில் புகுந்ததும், அதை நம்பிய மற்றப் பொறிகளுக்கும் தாவியது. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது.

பூட்டும் சாவியும்

1995இல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அங்கிருந்த டாட்டு யூலோனென் இதற்கு மாற்றாக எஸ்.எஸ்.ஹெச். என்னும் முறையை உருவாக்கினார். இதில் செய்திகள் யாவும் மறைகுறிகளாக மாற்றப்பட்டே செல்கின்றன. மேலும் ஒவ்வொருவருக்கும் ஓர் இணைச் சாவி உண்டு. இரகசியச் சாவி நம்மிடமே இருக்கும். பொதுச் சாவி பெரிய கணிப்பொறியிடம் இருக்கும். இரகசியச் சாவி உடையவர் மட்டுமே இடக்கூடிய கையொப்பத்தைப் பெரிய கணிப்பொறி கேட்கும். பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். இரகசியச் சாவி கம்பியில் பயணம் செய்வதே இல்லை. இன்றைய மெயின்பிரேம்களிலும் இம்முறை உண்டு.

ஆனால் இந்த அறிமுகத்திற்குச் செய்திகள் பலமுறை போய்வர வேண்டும். ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒருமுறை போய்வரக் கால் வினாடி என்றும், அறிமுகத்திற்கு 8 முறை போய்வர வேண்டும் என்றும் கொள்வோம். அறிமுகத்திற்கு 2 வினாடி. கட்டளைக்குக் கால் வினாடி. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைந்து 100 கட்டளைகள் அனுப்பினால் 225 வினாடி ஆகும். ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்து அதிலேயே 100 கட்டளைகளையும் ஒவ்வொன்றாக அனுப்பினால் 2 + 25 = 27 வினாடி போதும். நூறையும் ஒரே கோப்பில் எழுதி ஒருசேர அனுப்பினாலோ, பெரிய பொறி வேலை செய்யும் நேரம் நீங்கலாக, இரண்டேகால் வினாடிதான்!

கம்பியும் அதேதான், கணிப்பொறியும் அதேதான். திரும்பத் திரும்ப அறிமுகம் செய்வதைத் தவிர்த்ததால் கிடைத்த வேகம் இது. காவலர் கேள்வியே கேட்காமல் விடவில்லை. ஒரே முறை நன்றாகக் கேட்டார். நாமும் எல்லாப் பொருள்களையும் ஒரே நடையில் கொண்டு வந்தோம்.

இங்கும் எச்சரிக்கை தேவை. இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு இருக்கையை விட்டு எழுந்தால், அடுத்து அமர்பவர் நம் பெயரில் கட்டளை இடலாம். எனவே எழுமுன் திரையைப் பூட்ட வேண்டும். இரகசியச் சாவிக்கும் ஒரு கடவுச்சொல் இட்டுக் காக்க வேண்டும்.

தோழியரே, விரைவு நல்லதே. ஆனால் "நீ யார்?" என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பெறும் விரைவு நிலைக்காது. ஒருமுறை கேட்பதைச் செவ்வையாகக் கேட்டு, பின் தயக்கமின்றிச் செயலாற்றுவதே அறிவுடைமை. இது கணிப்பொறிக்கு மட்டுமன்று, நமக்கும் பொருந்தும்.

— பத்தாம் வகுப்பு மாணவி