வீட்டுக்கு ஒரு செட்டி: நாமே செய்து கொள்ளலாம்

இந்த முறை கைவேலைப் பாடம். பெரியவர்களும் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களும் சேர்ந்து வாசியுங்கள். கணவன், மனைவி இருவர் கையும் இதில் வேண்டும். மரவேலை ஒரு பாதி, தையல்வேலை மறு பாதி.

முதலில் கணக்கு. லொறியில் செட்டி ஏற்றிக்கொண்டு லயத்துக்கே வந்து தவணைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். கைக்காசு விலை 60,000 ரூபா என்று வையுங்கள். முற்பணம் 10,000, பிறகு மாதம் 7,500 வீதம் 12 மாதம் என்றால் மொத்தம் 100,000. செட்டிக்கு 60,000, பொறுத்ததற்கு 40,000. இரண்டு மாதம் மழையில் கொழுந்து குறைந்து பேர் குறைந்தால் தவணை தவறும், சாமானையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அட்டையில் கையெழுத்து வைக்கும் முன் இந்தப் பெருக்கலை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் போட்டுப் பாருங்கள்.

"கையில காசு இருந்தா நாங்க ஏன் சார் தவணைக்குப் போறோம்?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நாமே செய்வதில் உள்ள சுகம் என்னவென்றால் ஒரே நாளில் காசு வேண்டியதில்லை. ஒரு மாதம் மரம், அடுத்த மாதம் ஆணியும் பசையும், பிறகு துணி. மரம் எப்படியும் காய வேண்டும், அதனால் காத்திருப்பது நட்டமில்லை.

பத்தடி, பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று துண்டு செட் வாங்கிப் போட்டால் மனிதர் நடக்க இடமிருக்காது. நமக்கு ஏற்றது 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரே செட்டி. பகலில் நான்கு பேர் உட்காரலாம். இரவில் பள்ளிக்கூடப் பிள்ளை தரை ஈரத்தில் படுக்காமல் இதில் படுக்கலாம். அடியில் டிரங்குப் பெட்டியும் புத்தகப் பையும் போகும்.

மரம். தோட்டத்து மரத்தில் நிர்வாகத்தின் எழுத்து அனுமதியில்லாமல் கை வைக்க வேண்டாம், பிறகு வேலைக்கே வம்பு வரும். தச்சுப் பட்டறையின் கழிவுத் துண்டுகளை முறைப்படி கேட்டு வாங்கலாம். முன்பு தேயிலைப் பெட்டிப் பலகையில் மேசையும் அலுமாரியும் செய்யாத லயமே இல்லை. கடதாசிப் பை வந்த பிறகு அந்தப் பெட்டி போய்விட்டது. இப்போது சாமான் ஏற்றும் பலட் கட்டைகள் கிடைக்கின்றன. அதில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் விஷவாயு அடித்தது, வீட்டுக்குள் வேண்டாம்.

விலைக்கு வாங்குவதானால் பைன் மரம் வாளுக்கு இலகு. சவுக்கு பார்வைக்கு அழகு, ஆனால் அதன் தூள் சிலருக்கு அரிப்புத் தரும், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கருப்பந்தைல மரம் உறுதி என்றாலும் பச்சையாக ஆணி அடித்தால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். எந்த மரமானாலும் பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து, மழை படாமல் காற்றுப் படும்படி அடுக்கிக் காயப் போடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் மரக்காலையில் காய்ந்த மரமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வேண்டிய அளவு இது: கால்களுக்கு 2க்கு 2 அங்குலக் கட்டை 12 அடி, சட்டத்துக்கும் முதுகுக்கும் 4க்கு 1 அங்குலப் பலகை 30 அடி, இருக்கைக்கு 2க்கு 1 அங்குல ரீப்பை 32 அடி. சேதாரம் கொஞ்சம் சேர்த்து வாங்குங்கள்.

முன்கால் மூன்று, ஒவ்வொன்றும் 13 அங்குலம். பின்கால் மூன்று, ஒவ்வொன்றும் 32 அங்குலம். நடுக்கால் எதற்கு என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஆறடிப் பலகை ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும். 22 அங்குலத்தில் மூன்று குறுக்குப் பலகை வெட்டி, முன்காலையும் பின்காலையும் சோடி சோடியாக இணையுங்கள். பலகையின் மேல்விளிம்பும் முன்காலின் உச்சியும் சமமாக இருக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் ஆறடிப் பலகைகளை வெளிப்பக்கமாகப் பூட்டுங்கள். ஆணியை விட இஸ்குரூப்பு ஆணி நல்லது, மூட்டுக்கு மூட்டு வெள்ளை மரப்பசையும் பூச வேண்டும். முதலில் சிறு துளை போடாமல் பலகை ஓரத்தில் முறுக்கினால் மரம் வெடிக்கும். நான்கு மூலையிலும் உள்ளே முக்கோணக் கட்டை வைத்தால் ஆட்டம் இருக்காது. மூலைமட்டம் இல்லாதவர்கள் எதிர்மூலைக்கு எதிர்மூலை கயிறு பிடித்துப் பாருங்கள், இரண்டு கயிறும் ஒரே நீளம் என்றால் சட்டம் கோணவில்லை.

இனி முதுகு. கடைச் செட்டி ஏன் சாய்ந்து உட்கார சுகமாக இருக்கிறது? முதுகு சரிந்திருப்பதால். நாம் காலைச் சரித்து வெட்டத் தேவையில்லை. கீழ் முதுகுப் பலகையைப் பின்காலின் முன்பக்கத்தில், தரையிலிருந்து 18 அங்குலத்தில் பூட்டுங்கள். மேல் பலகையைப் பின்காலின் பின்பக்கத்தில், 28 அங்குலத்தில் பூட்டுங்கள். தானாகவே மூன்று அங்குலச் சரிவு வந்துவிடும்.

ரீப்பையை 24 அங்குலமாக 16 துண்டு வெட்டி, நடுக்காலின் இடம் எட்டு, வலம் எட்டு, இரண்டு அங்குலம் போல இடைவெளி விட்டு அடியுங்கள். இடைவெளி காற்றுக்கு. நம் மலைநாட்டு மூடுபனியில் முழுப்பலகை அடித்து மெத்தை போட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். மண்கடதாசியால் தேய்த்து வார்னிஷ் இரண்டு தடவை. காலின் அடி நுனிக்கு மூன்றாவது தடவையும் பூசுங்கள், ஈரம் ஏறுவது அங்கேதான்.

மெத்தை ஒன்றாக வேண்டாம். 24க்கு 20 அங்குலத்தில் மூன்று. துவைக்கவும் வெயிலில் தூக்கிப் போடவும் இலகு. தேங்காய்த் தும்பு மலிவு. நன்றாக உதறி வெயிலில் காயவைத்து, சுத்தமான சாக்கில் மூன்று அங்குல உயரத்துக்கு நிரப்பி, கோணி ஊசியால் ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு மேலிருந்து கீழாகப் போட வேண்டும். முடிச்சு இல்லாவிட்டால் தும்பு ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதற்கு மேல் ஒரு படை இலவம் பஞ்சோ பழைய போர்வையோ. உரம், மருந்து வந்த பைகளை எடுக்கவே கூடாது, எத்தனை தடவை கழுவினாலும் சரி, பிள்ளை முகம் வைத்துப் படுக்கும் இடம்.

ஸ்பொஞ்ச் போட விரும்பினால் விரல்களுக்கு இடையில் அழுத்திப் பாருங்கள், உடனே ஒட்டிப்போவது ஒரு வருடம் தாங்காது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பொஞ்ச் தீப்பிடித்தால் சில நிமிடத்தில் காம்பரா முழுக்க விஷப்புகை. லயத்தில் ஒரு வீட்டில் பிடித்தால் கூரை வழியாக அடுத்த வீடுகளுக்கும் போகும். எந்த மெத்தையானாலும் அடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் கொசுவர்த்திக்கும் தள்ளி வையுங்கள்.

உறைக்கு ரெக்ஸின் பளபளப்பு, ஆனால் குளிர் நாளில் சில்லென்றிருக்கும், நாளாக வெடிக்கும். தடித்த பருத்தித் துணியே என் தெரிவு. ஒரு மெத்தைக்கு 25க்கு 21 அங்குலத்தில் இரண்டு துண்டு, சுற்றுப் பட்டி 4 அங்குல அகலத்தில் 90 அங்குலம். எல்லாப் பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு. பின்பக்கம் தைக்காமல் பொத்தான் வையுங்கள். புதுத்துணியை வெட்டும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பில் சுருங்கி மெத்தை உள்ளே போகாது.

முதுகு மெத்தைக்கும் இதே முறை, தடிப்பு இரண்டு அங்குலம் போதும். இரவில் பிள்ளை படுக்கும்போது அதை எடுத்துவிட்டால் அகலம் கூடும்.

செட்டியைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எல்லா இஸ்குரூப்பையும் ஒரு தடவை இறுக்க வேண்டும், மரம் இன்னும் காய்ந்து சுருங்கியிருக்கும்.